கொட்டில் வேலை முடிந்த பிறகே வரும் நன்றியுணர்வு: வேலையின் நடுவிலேயே அது வருவதற்கு வழி உண்டா?

குடமுருட்டிக்கரை (மார்கழி முதல் வாரம்)

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன், வயது 53. செவலை என்று நாங்கள் அழைக்கும் கலப்பின ஜெர்சிப் பசு, அது முந்திய ஈற்றில் போட்ட கிடேரி, 13 வயதான கறுப்பன் என்ற நாட்டு நாய், தானாக வந்து தங்கிவிட்ட ஒரு பூனை, ஆறு கோழிகள் ஆகியவை எங்கள் வீட்டில் இருக்கின்றன. செவலை இப்போது ஏழு மாதச் சினை. கிடேரியும் தலைச்சூலாக ஐந்தாம் மாதத்தில் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். கணவர் காலையில் அரிசி ஆலைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ஆகவே எனக்கும் என் மாமியாருக்கும் பகலெல்லாம் துணை இந்த உயிர்கள்தாம்.

ஆறு மாதங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்திருந்த மகள், நான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்து, அன்றன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றும் மூன்று விஷயங்களைப் படுக்கப் போகுமுன் எழுதிவைக்கச் சொன்னாள். இதெல்லாம் நகரத்தில் வேலையில்லாதவர்கள் செய்வது என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஆனால் விட மனம் வரவில்லை. இப்போது இரண்டாம் நோட்டு ஓடுகிறது. சென்ற வாரம் முதல் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, எழுதியவற்றில் பெரும்பாலானவை மனிதர்களைப் பற்றியவை அல்ல என்பதைக் கண்டு எனக்கே சிரிப்பு வந்தது. வைக்கோல் அள்ளும்போது கிடேரி முழங்கையை நக்கியதையும், மழைக்குப் பயந்த பூனை என் புடவைக் கொசுவத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டதையும், அடை காத்த கோழி 21ஆம் நாள் விடியலில் எட்டுக் குஞ்சுகளோடு எழுந்து வந்ததையும்தான் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறேன்.

என் சிக்கல் இதுதான். அந்த நன்றியுணர்வு இரவு ஒன்பது மணிக்கு, கை கால் கழுவிவிட்டு விளக்கின் அடியில் உட்கார்ந்த பிறகுதான் வருகிறது. விடியற்காலை நாலரை மணிக்குக் கொட்டிலுக்குள் போகும்போது அதன் சுவடே இருப்பதில்லை. ஆறு மணிக்குச் சங்கத்தில் பால் ஊற்றியாக வேண்டும் என்ற அவசரத்தில் செவலையை அதட்டுகிறேன். அதுவும் சில நாள் குவளையை எத்திவிடுகிறது. கறுப்பனோ இந்த இரண்டு மாதங்களாக இரவில் திண்ணையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. தன் சட்டித் தண்ணீரைக் காலி செய்துவிட்டு மாட்டுத் தொட்டியிலும் வாய் வைக்கிறது. குடிப்பதால்தானே கழிக்கிறது என்ற கோபத்தில் நேற்று முதல் சாயங்காலமானதும் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். இப்படியெல்லாம் செய்துவிட்டு இரவில் நோட்டை எடுத்து "கறுப்பனுக்கு நன்றி" என்று எழுத கை கூசுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற மாசியில் செவலை ஈன்றது காளைக் கன்று. ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு விற்றுவிட்டோம். செவலை மூன்று நாள் கத்தியது. அந்த வாரத்தில் நோட்டில் செவலையின் பெயரே இல்லை.

மாமியாரிடம் இதைப் பற்றிப் பேசினால், மாட்டுக்கு நன்றி சொல்லத் தையில் ஒரு நாள் இருக்கும்போது நோட்டில் எழுதுவது என்ன கூத்து என்று கேட்கிறார். உங்கள் வீடுகளில் அன்றாடம் எதையாவது வழக்கமாகச் செய்கிறீர்களா? வேலையின் நடுவிலேயே அந்த உணர்வு வருமா, அல்லது அது எப்போதும் பிந்தித்தான் வருமா?

கட்டுத்தரை

சகோதரிக்கு வணக்கம். காங்கேயத்துக்கு அருகில் இரண்டு காங்கேயம் பசுக்களும் ஒரு கலப்பினக் கறவையும் வைத்திருக்கிறேன், வயது 61. நோட்டெல்லாம் எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது நான் பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என் தகப்பனார் பால் பீய்ச்ச உட்காருவதற்கு முன் மாட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது காதைத் திருப்பும் வரைக்கும் ஒன்றும் பேசாமல் நிற்பார். சாமி கும்பிடுவதைப் போன்ற ஏதோ ஒரு சடங்கு என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். பின்னர் ஒரு கறவை மாட்டுப் பயிற்சி முகாமில் மருத்துவர் விளக்கியபோதுதான் அதன் உட்பொருள் விளங்கிற்று. மடியைத் தடவிக் கழுவும்போது மாட்டின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு எழுந்து பாலை இறக்குகிறது. அந்த வேகம் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் கறந்துவிட வேண்டும். மாடு மிரண்டாலோ அதட்டப்பட்டாலோ அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். ஆகவே அவசரத்தில் அதட்டுவதால் மிச்சப்படுவது நேரம் அன்று. பாலும் குறைகிறது, மடியில் தங்கும் பாலால் மடிநோய்க்கும் வழி பிறக்கிறது. உங்கள் செவலை குவளையை எத்துவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். காம்பில் வெடிப்போ புண்ணோ உண்டா என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். நாலரை மணி இருட்டில் அது தெரியாது.

கறந்து முடித்ததும் நான் செய்யும் ஒரு காரியம் உண்டு. காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் திறந்தே இருக்கும். மாடு அப்போது சாணத்தில் படுத்துவிட்டால் கிருமி உள்ளே ஏறிவிடும். அதனால் தீவனத்தைக் கறப்பதற்கு முன் கொடுக்காமல் கறந்த பின்பே வைத்து, அது நின்றுகொண்டே தின்னும்படி பார்த்துக்கொள்கிறேன். அந்த அரை மணி நேரம் நானும் பக்கத்தில் நிற்பேன். உண்ணி பொறுக்குவேன், குளம்பைப் பார்ப்பேன், சில நாள் வெறுமனே நிற்பேன். பால் எடுத்தாகிவிட்டது, இனி அதனிடம் எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்கிற நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். நீங்கள் சொல்லும் உணர்வு எனக்கு வருவது அப்போதுதான். வராத நாளும் உண்டு, அன்றைக்கும் நிற்பேன்.

செவலை ஏழு மாதச் சினை என்றால் கறவையை நிறுத்த வேண்டிய காலம் வந்துவிட்டது. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பாக வற்றவிட வேண்டும். பால் இல்லையே என்று பலர் அடர்தீவனத்தை அந்தச் சமயத்தில் அடியோடு நிறுத்திவிட்டு வெறும் வைக்கோலைப் போடுகிறார்கள். ஆனால் வயிற்றுக் கன்று பெரும்பங்கு வளர்வது கடைசி மூன்று மாதங்களில்தான். அடுத்த ஈற்றுக்கு மடி தேறுவதும் அப்போதுதான். வரவே இல்லாத அந்த அறுபது நாளில் ஒருவர் மாட்டுக்கு என்ன போடுகிறார் என்பதைப் பார்த்தால், அவர் மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு எத்தனை வண்ணம் பூசுகிறார் என்று பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மாட்டுப் பொங்கல் என்றதும் ஓர் எச்சரிக்கையும் நினைவுக்கு வருகிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலன்று, வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒவ்வொருவரும் ஆசையாசையாக ஊட்டியதில், எங்கள் கறவைக்கு ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கல் உள்ளே போய்விட்டது. மறுநாள் காலை அசைபோடவில்லை; இடப்பக்கம் வயிறு உப்பிக் கிடந்தது; சாணம் கஞ்சியைப் போலக் கழிந்தது. சோற்றிலுள்ள மாவுச்சத்து அளவுக்கு மிஞ்சினால் முதல் இரைப்பையில் அமிலம் ஏறிவிடும். மருத்துவர் வந்து ஊசியும் மருந்தும் ஏற்றி இரண்டு நாள் போராடித்தான் காப்பாற்றினார். நன்றி சொல்லப் போய் அதைக் கொன்றிருப்பேன். இப்போதெல்லாம் வாழையிலையில் ஒரு கைப்பிடிதான். மிச்ச ஆசைக்குப் பசும்புல் ஒரு கட்டு அதிகம்.

காளைக் கன்று பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் விற்றிருக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்

அம்மா, மற்றவற்றைப் பிறகு பேசலாம். முதலில் அந்தத் தண்ணீர்ச் சட்டியை இன்றிரவே திரும்ப வெளியில் வையுங்கள்.

நீங்கள் கோபத்தோடு எழுதிய மூன்று வரிகளை ஒரு மருத்துவர் படித்தால் அவை கோபமாகப் படா, நோய்க்குறிப்பாகவே படும். 13 வயது நாய் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறது, அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது, இரவில் அடக்க முடியவில்லை என்றால், சிறுநீரகத் தளர்ச்சி, நீரிழிவு போன்றவற்றை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் நீரைத் தேக்கிக்கொள்ளும் திறனை இழக்கும்போது நீர் வீணாக வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. குடிப்பதால் கழிக்கிறது என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் கழிவதால்தான் அது குடிக்கிறது. இந்நிலையில் தண்ணீரை மறைத்தால் உடல் வறண்டு, சில நாள்களிலேயே நிலைமை கைமீறிப் போகக்கூடும். என் பணிக்காலத்தில் திண்ணை நனையக் கூடாது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி, நாய் சுருண்டு விழுந்த பிறகு தூக்கி வந்தவர்கள் பலர். ஒருவர்கூடக் கெட்டவர் அல்லர்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். அளவுக் குவளையால் அளந்து சட்டியில் ஊற்றுங்கள். மாட்டுத் தொட்டியை நாய்க்கு எட்டாமல் மூடுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். நாயின் எடையில் கிலோவுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் குடித்திருந்தால் அது இயல்பு அன்று. பிறகு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இரத்தமும் சிறுநீரும் பரிசோதியுங்கள். தாமதிக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு வெளிப்படையாக உயரும். அதாவது அந்த நாய் நெடுநாளாகச் சமாளித்துக்கொண்டே வாலையும் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மனிதருக்கான வலி மாத்திரைகளைத் தயவுசெய்து எந்த விலங்குக்கும் கொடுக்க வேண்டாம். காய்ச்சலாக இருக்கிறதே என்று பரிவோடு கொடுத்த ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. பரிவின் பெயரால் நடந்த சாவுகளைக் கொடுமையால் நடந்தவற்றுக்குக் குறையாமல் நான் பார்த்திருக்கிறேன். கட்டுத்தரை எழுதிய பொங்கல் கதையும் அந்த வகைதான். தை மாதம் 2ஆம், 3ஆம் தேதிகளில் மருந்தகத்தில் நாங்கள் ஆப்ப சோடாவை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்போம். அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஊர்தி வரும் என்பதையும் குறித்து வையுங்கள்.

உங்கள் நோட்டைப் பற்றி ஒரு சொல். அதை நிறுத்த வேண்டாம், ஆனால் மகிழ்ச்சி தந்தவற்றை மட்டும் எழுதாதீர்கள். எரிச்சல் தந்ததையும் அதே பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். வாய் பேசாத உயிர் தன் நோயைச் சொல்லும் வழி பெரும்பாலும் நமக்குத் தொந்தரவு கொடுப்பதாகவே இருக்கும்.

மாடிவீட்டுப் பூனைகள்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பூனைகளோடு இருக்கிறேன். எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லத் தோன்றுகிறது. நாலரை மணிக்கு எழுந்து சாணம் அள்ளும் ஒரு பெண், அள்ளும்போது மனம் நெகிழவில்லையே என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதே வேலையை உங்கள் கணவர் செய்தால் அவரிடம் யாரும் நன்றியுணர்வை எதிர்பார்ப்பார்களா? பூனைகள் மலம் கழிக்கும் மணல் தட்டை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சுத்தம் செய்கிறேன். பூனைக்கு வேண்டியது சுத்தமான தட்டு. அப்போது என் முகம் எப்படி இருந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. எரிச்சலோடு செய்தாலும் நேரத்துக்குச் செய்தீர்கள் அல்லவா, அதை நோட்டில் உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுத்தரை

மணல் தட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. பால் கறக்க உட்காரும்போது முகம் எப்படி இருந்தது என்று மாட்டுக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் மேலே எழுதியிருந்தேன்.

ஏரிக்கரைத் தமிழாசிரியர்

திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். இந்த உரையாடலைப் படிக்கையில் ஒன்று உறுத்தியது. பள்ளியில் நாம் எல்லோரும் நாயைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறோம். "நாய் நன்றியுள்ள பிராணி" என்றே தொடங்கியிருக்கிறோம். முப்பது ஆண்டுகள் நானும் அதைத்தான் திருத்தி மதிப்பெண் போட்டேன். அந்த வாக்கியத்தில் நன்றி செலுத்தும் கடமையை முழுவதுமாக நாயின் தலையில் ஏற்றிவிட்டோம் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது. நமக்கு மிஞ்சிய சோற்றைப் போட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் அது நன்றியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இரவெல்லாம் குரைத்துக் காவல் காத்ததற்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்கும் கட்டுரை எதையும் நான் படித்ததில்லை.

ஆனால் எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு பதில் கல்லில் இருக்கிறது. எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது, 7ஆம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காப்பதற்காகப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியே ஒரு வாசகமும் பொறித்திருக்கிறார்கள். பெயரைக் கவனியுங்கள். வீரனோடு ஒரு நாய் நின்றது என்று பொதுவாகச் சொல்லி முடித்திருக்கலாம். கல்லில் ஒவ்வோர் எழுத்தும் உளியால் வெட்ட வேண்டியது, கூலி கொடுக்க வேண்டியது. இருந்தும் யாரோ ஒருவர் அந்த நாயின் பெயரையும் அது என்ன செய்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கோவிவன் அதைப் படிக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அம்மா, நோட்டில் எழுதுவது என்ன கூத்து என்று உங்கள் மாமியார் கேட்டதற்கு, 1,400 ஆண்டு காலமாக இருந்துவருகிற கூத்துதான் என்று சொல்லுங்கள். தாளில் எழுதுவது செலவும் குறைவு.

கிணற்றடி

யாழ்ப்பாணத்திலிருந்து. நாங்கள் இங்கே மாட்டுப் பொங்கலைப் பட்டிப்பொங்கல் என்போம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரினால் வலிகாமத்துச் சனங்கள் எல்லோரும் தென்மராட்சிப் பக்கமாக இடம்பெயர்ந்தபோது எனக்கு 12 வயது. மழை. ஒலிபெருக்கியில் உடனே வெளியேறச் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா சைக்கிளில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய், நான்கு வாளி தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பி, இருந்த வைக்கோல் முழுவதையும் இழுத்துப் போட்டு, பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வளவின் படலையையும் திறந்துவைத்துவிட்டுத்தான் வந்தார். பசுவிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது பசு இல்லை.

அன்றைக்கு அம்மாவின் மனதில் இருந்தது நன்றியா, பயமா, வெறும் பழக்கமா என்று நான் பின்னர் ஒருமுறை கேட்டேன். தண்ணீர் வைக்காமல் எப்படி வருவது என்று மட்டும் சொன்னார். வேலையின் நடுவில் அந்த உணர்வு வருமா என்று நீங்கள் கேட்டபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

குடமுருட்டிக்கரை (தை கடைசி வாரம்)

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு முதலில் வணக்கம். உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும்; வீட்டில் வேலை சரியாக இருந்தது.

மருத்துவர் ஐயாவின் பதிலைப் படித்த அந்த இரவே சட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். கறுப்பன் வந்து குடித்த ஓசையைக் கேட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத முடியவில்லை. மறுநாள் அளந்தோம். எடை 16 கிலோ. ஒரு நாளில் குடித்தது இரண்டேகால் லிட்டர். பரிசோதனையில் கிரியாட்டினின் 2.8 என்று வந்தது. நீரிழிவு இல்லை. சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாது என்றும், ஆனால் கவனித்துக்கொண்டால் இருக்கும் காலத்தை நல்லபடியாக ஓட்டலாம் என்றும் மருத்துவர் சொன்னார். எலும்பும் கருவாடும் நிறுத்தியாகிவிட்டது. கருவாட்டுத் தலையைத் தினமும் ஒளித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் மாமியார் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. நாய்க்கு நன்றி சொல்லும் வழி அவருக்கு அதுவாக இருந்திருக்கிறது.

இரவில் கறுப்பன் கதவைச் சுரண்டினால் எழுந்து வெளியே விடுகிறேன். பெரும்பாலும் இரண்டரை மணிக்கும் மூன்றுக்கும் நடுவில். எரிச்சல் வருகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். மாடிவீட்டுப் பூனைகள் சொன்னபடி அதற்காக இப்போது என்னைத் திட்டிக்கொள்வதில்லை. நோட்டை இரண்டாக மடித்து, இடப்பக்கம் நேரமும் தண்ணீர் அளவும் சாணத்தின் தன்மையும், வலப்பக்கம் பழையபடி மூன்று விஷயங்களும் எழுதுகிறேன். சில நாள் எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதிவிடுகிறேன்.

செவலையின் காம்பில் வெடிப்பு இருந்தது உண்மைதான். கட்டுத்தரை ஐயா காங்கேயத்தில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. களிம்பு போட்டதில் ஆறிவிட்டது. கறவையை நிறுத்தி ஐந்து வாரங்கள் ஆகின்றன. பழக்கத்தில் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முதல் நாள் குவளை இல்லாமல் கொட்டிலுக்குள் போனபோது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. செவலையும் கறக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காலை அகட்டி நின்றுகொடுத்தது. முதுகில் கை வைத்தேன். காதைத் திருப்பச் சற்று நேரம் ஆயிற்று. ஆறு மணிக்கு எங்கும் ஓட வேண்டியதில்லை என்பதால் அது வரைக்கும் நின்றேன்.

மாட்டுப் பொங்கலன்று ஒரு கைப்பிடிதான் கொடுப்பேன் என்று நான் நின்றதில் மாமியாருக்கு வருத்தம். பிறகு அவரே அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கி வந்து கொடுத்தார். ஆசிரியர் ஐயா சொன்ன கோவிவன் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். நாயின் பெயரைக் கல்லில் வெட்டினவர்கள் அந்த எருமைகளின் பெயரை ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

விற்ற காளைக் கன்றுக்கு நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, பிறந்த நாளையும் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டியையும் எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. பக்கத்தைக் கிழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

கட்டுத்தரை ஐயாவிடம் ஒரு கேள்வி. கிடேரிக்கு இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. மடிப் பக்கம் கை கொண்டுபோனாலே துள்ளுகிறது. தலைச்சன் ஈற்றில் பெரும்பாடு படுத்தும் என்று பயமாக இருக்கிறது. எப்போதிருந்து பழக்கலாம்?

கட்டுத்தரை

இன்றைக்கே தொடங்குங்கள். முதல் வாரம் மடிக்கே போக வேண்டாம். தீவனம் தின்னும் நேரத்தில் முதுகையும் விலாவையும் மட்டும் தேய்த்துவிடுங்கள். நின்றுகொடுக்கத் தொடங்கிய பிறகு தொடை, அதன் பிறகு மடி. காம்பை இழுக்கவோ பிதுக்கிப் பார்க்கவோ கூடாது. வெறும் தடவல் போதும். உதைத்தால் அதட்டாமல் கையை அங்கேயே வைத்திருந்து, அது அடங்கிய பிறகு எடுங்கள். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம். உங்களுக்குத்தான் நாலரை மணி இப்போது காலியாக இருக்கிறதே.